ஊருக்கெல்லாம் ஒரே தறி

வேலையை உட்டுப்போட்டு வந்துட்டேன்னு சொன்னயே கண்ணு, நெம்ப நல்ல காரியம். கோயமுத்தூருல மாசமானாச் சம்பளம், ஏசி ரூமு, ஆபீசு வண்டி, இதெல்லாம் ஒரு பொழப்பா? மனுசன்னா ஒரு வெசனம் வேண்டாமா? இனிமே வெள்ளகோவில்ல என்ற தறிக்குடோன்ல ஒரு மேசையைப் போட்டு உக்காந்துக்கிட்டு, பைத்தான், ரூபி, பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட்டு, தமிழ்லயே எழுதற எழில், இன்னும் பொறக்காத மொழிக வரைக்கும் அத்தனைக்கும் ஒட்டுக்கா ஒரே பட்டறைச் சட்டம் செய்யப்போறே. எந்த மொழிக்காரன் வந்தாலும் உன்ற சட்டத்துல மாட்டிக்கிட்டு நிரல் எழுத வேண்டியது. பாதி அடிக்கறப்பவே மீதி வார்த்தையை நீ எடுத்துக் குடுப்பே. தப்பா அடிச்சாச் செவப்புக்கோடு போட்டுக் காட்டுவே. ஓட்டத்துல எங்க அத்துப்போச்சுன்னு நிறுத்திக் காட்டுவே. கேக்கறதுக்கே நல்லாருக்குது. உங்கம்மாதான் அழுதுக்கிட்டே வெங்காயம் உரிக்கறா. வெங்காயத்துக்கு அழுகறாளா உனக்கு அழுகறாளான்னு நானும் கேக்கல. நீயும் கேக்காதே.

அப்புச்சிக்கு இதுல என்ன தெரியும்னு மனசுக்குள்ள சிரிக்கறே. ஒண்ணும் தெரியாது சாமி. நான் தறி ஓட்டுன ஆளு. கொரோனாக் காலத்துல நீ ராத்திரியெல்லாம் திண்ணையில உக்காந்து அமெரிக்காக்காரனோட இங்கிலீசும் தமிழுமாப் பேசிட்டிருந்தப்ப, எதுத்த கட்டில்ல தூக்கம் வராமப் படுத்திருந்த கெழவன் காதுல நாலு வார்த்தை உழுந்துச்சு. அப்பறம் உன்ற தங்கச்சி பன்னண்டாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் பொஸ்தகத்தை ஊருக்கே கேக்கற மாதிரி படிக்கறா. 2019ல வந்த புதுப் பாடத்துல பைத்தானைத்தான் வெச்சிருக்கறாங்க. அவ படிச்சா எனக்கும் பாடம். அதனால நீ கேக்கறயோ இல்லயோ, புத்திமதி சொல்லாம உட மாட்டேன். வயசான காலத்துல எனக்கு வேற என்ன சோலி?

மொதப் புத்திமதி: உனக்கு முன்னால இந்த வேலையைச் செஞ்சவன் எவனையும் திரும்பிப் பாக்காதே. பாத்தா மனசு உட்டுப்போகும்.

ஏன்னா, நீ செய்யறேங்கற அதே சட்டத்தை நீ டவுசர் போட்டுட்டுத் திரிஞ்ச காலத்துலயே சைபீரியாவுல செஞ்சு வெச்சுட்டாங்க. நோவோசிபிர்ஸ்க்குன்னு ஒரு ஊரு, எக்ஸோர்டுன்னு ஒரு கம்பெனி. டைனமிக் லாங்குவேஜஸ் டூல்கிட்டுன்னு பேரு, சுருக்கமா டிஎல்டிகே. 2007ல எக்ளிப்ஸ் கூட்டத்தோட வெளிய வந்துச்சு. எக்ளிப்ஸுன்னா, ஐபிஎம்காரன் 2001 நவம்பர்ல "4 கோடி டாலர் பெறும், எடுத்துக்கங்க"ன்னு ஊருக்குத் தூக்கிக் குடுத்த பட்டறை. ஜாவாக்காரங்களுக்கு அதுல ராஜபோகம். ஒரு பேரை ஒரு எடத்துல மாத்துனா ஆயிரம் கோப்புல தானா மாறும். ஒரு புள்ளி வெச்சா, அடுத்து என்னென்ன வரலாம்னு பட்டியல் உழுகும். இதைப் பாத்து ரூபிக்காரனுக்கும் டிசிஎல்காரனுக்கும் வயிறு எரிஞ்சுது. எரிஞ்ச வயித்தோட ஜாவாப் பட்டறையை அப்பிடியே நகலெடுத்து, ஜாவான்னு இருக்கற எடத்தை எல்லாம் வெட்டித் தன்ற மொழியை ஒட்ட வேண்டியது. ஒட்டுனது பாதி, கிழிஞ்சது பாதி. அந்தக் கூத்து வேண்டாம், பொதுவான பாகத்தை ஒருக்காச் செஞ்சு வெச்சுட்டு மொழிக்குண்டானதை மட்டும் மாத்திக்கலாம்னு வந்ததுதான் டிஎல்டிகே.

என்ற பாசையில சொல்றேன், பொறுத்துக்க. குடோன்ல நிக்கற தறியில சட்டம் ஒண்ணுதான். மோட்டாரு, நாடா ஓடற பலகை, துணி சுத்தற உருளை எதுவும் மாறாது. பாவை மாத்தி, அச்சை மாத்தி, மேல ஜக்கார்டு பெட்டியில அட்டையை மாத்தி மாட்டினா, நேத்து பெட்சீட்டு வந்த தறியில இன்னைக்கு மேசைத்துணி வரும். கரூர் எக்ஸ்போர்ட்காரன் என்ன டிசைன் கேக்கறானோ அது அட்டையில இருக்குது, தறியில இல்லை. ஜக்கார்டுங்கறவரு 1804ல பிரான்ஸ் தேசத்து லியோன் ஊர்ல பண்ணுன வேலை அது. அந்த அட்டையைப் பாத்துத்தான் பாபேஜுங்கற இங்கிலீசுக்காரரும் தன்ற கணக்குப் போடற எந்திரத்துக்கு அட்டை வெக்கலாம்னு நெனச்சாரு. ஆகையால உன்ற தொழிலுக்குப் பாட்டன் என்ற தொழில். அந்த மருவாதி மனசுல இருக்கட்டும். குடோன் வாடகையைப் பத்திப் பொறவு பேசிக்கலாம்.

டிஎல்டிகே சட்டத்துல மாறாத பாகம்னா, எழுதற சன்னல், நெறம் போடறது, கோப்புக்குள்ள என்னென்ன இருக்குதுன்னு ஓரத்துல காட்டற பட்டியல், எந்தப் பேரு எங்கெங்க வருதுன்னு குறிச்சு வெக்கற அட்டவணை, நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாக்கற வசதி. அந்தக் கடைசி வசதிக்கு டிபிஜிபின்னு ஒரு பேச்சுமுறை, பிஎச்பிக்காரங்களோட எக்ஸ்டிபக்குல பொழங்கறது. மொழிக்காரன் கொண்டார வேண்டிய அட்டை, அவனோட மொழியைப் படிச்சுக் கெளை கெளையாப் பிரிச்சுக் குடுக்கற பார்சரு. டிசிஎல்லும் ரூபியும் ஏறுச்சு. பின்னால பிஎச்பிக் கருவிகளும் அது மேல வந்து உக்காந்துச்சு.

நல்ல வேலை, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சட்டம் எக்ளிப்ஸுக்குள்ளதான் நிக்கும். ஈமாக்ஸு, விம்முன்னு வேற எடிட்டர் வெச்சிருக்கறவன் வந்து கேட்டா இல்லை. சனம் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வேற எடிட்டருக்கு நகந்தப்ப, சட்டத்தைத் தூக்கிக்கிட்டுக் கூடப் போக முடியல. இதையெல்லாம் நீ படிக்காதே கண்ணு. படிச்சா, "நாம செய்யற சட்டம் எதுக்குள்ள நிக்கப்போகுது?"ன்னு ஒரு கேள்வி வரும். ராத்திரித் தூக்கம் கெட்டுப்போகும்.

இன்னொண்ணு, டைனமிக் மொழின்னா அது என்ன சாதிச் சரக்குன்னு யோசிக்காமயே ஆரம்பிச்சுரு. யோசிச்சா ஆரம்பிக்கவே மாட்டே.

நூல் கோன் மேல சீட்டு ஒட்டியிருக்கும், நாப்பதாம் நம்பரா, இருவதாம் நம்பரான்னு. ஜாவா அந்த மாதிரி. சீட்டில்லாத கோன் குடோனுக்குள்ளயே நுழையாது. அதனால எக்ளிப்ஸுக்காரன் தறியை ஓட்டாமயே, சீட்டைப் படிச்சுப் பாத்து, "இது இங்க சேராது"ன்னு சொல்லிருவான். பைத்தான்ல சீட்டு இல்லை. "எடை"ன்னு ஒரு பேரு இருந்தா, காத்தால அதுல எண்ணு இருக்கும், மத்தியானம் எழுத்து இருக்கும், பொழுதோட ஒரு பட்டியலே குடியிருக்கும். ஓட உட்டாத்தான் தெரியும். நீ செய்யப்போற பட்டறையோ ஓட்டறதுக்கு முன்னால சொல்லோணும்.

உன்ற தங்கச்சி பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு கணக்கு எழுதுனா. ஞாயித்துக்கிழமை முருங்கைக்காய் போடப்போறமே, அந்த எடையைக் கூட்டறதுக்கு. மொதக் கட்டு 30 கிலோன்னு அடிச்சா. அடுத்த கட்டு 5. கூட்டிக் காட்டுச்சு பாரு: 305 கிலோ. எனக்கு அத்தனை சந்தோசம். எந்த யாவாரியும் இது வரைக்கும் எனக்கு அப்பிடி எடை போட்டதில்லை. அவ மூஞ்சிதான் சுண்டிப்போச்சு. விசயம் என்னன்னா, பைத்தான்ல இன்புட்டுன்னு கேட்டு வாங்கறது எப்பவும் எழுத்தாத்தான் கையில வரும். "30"ம் எழுத்து, "5"ம் எழுத்து. எழுத்தோட எழுத்தைக் கூட்டினா பக்கத்துப் பக்கத்துல நிக்கும். பைத்தானைக் கேட்டா ஒரு தப்பும் இல்லைங்கும். அவ அடிச்சது ஐடில்ங்கற சன்னல்ல, பைத்தானோட சேந்தே வர்றது. அது ஒரு கோடும் போடல. போடறதுக்கு அதுக்கென்ன தெரியும்? அவ நெனச்சது கிலோன்னு அதுகிட்ட யாரு சொன்னா?

பெரிய பெரிய ஆளுக எல்லாம் முழிச்ச எடம் இது. ஒரு கூட்டம், "தயவு பண்ணிச் சீட்டு ஒட்டுங்க"ன்னு கேட்டுப் பாத்துச்சு. 2012ல மைக்ரோசாஃப்ட்டுல ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் டைப்ஸ்கிரிப்ட்டுன்னு கொண்டாந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்குச் சீட்டுக் குடுத்தாரு. பைத்தானைப் பெத்த குய்டோ வான் ரோசமே கூட்டாளிகளோட சேந்து 2014ல பெப் 484ன்னு எழுதி, 2015ல 3.5ஆம் பதிப்புல ஏத்துனாரு. வேணும்னா ஒட்டு, வேண்டாட்டி உடு. ஓடறப்பப் பைத்தான் அந்தச் சீட்டைக் கண்டுக்காது, பட்டறைக்காரன் மட்டும் படிச்சுக்குவான். "எடை"க்கு எண்ணுன்னு ஒரு சீட்டு ஒட்டி, சீட்டைப் படிக்கற பட்டறையில அடிச்சிருந்தா என்ற 305 கிலோ அடிக்கறப்பவே மாட்டியிருக்கும். நல்ல வேளை, ஒட்டல. சித்த நேரமாச்சும் சந்தோசமா இருந்தேன்.

இன்னொரு கூட்டம் இதுக்கெல்லாம் முன்னாடியே வேற மாதிரி யோசிச்சுது. படுத்துக் கெடக்கற நூலைப் பாத்துச் சோசியம் சொல்றதுக்குப் பதிலா, ஓடிட்டிருக்கற தறியைத் தொட்டுப் பாத்தா என்ன? 1970கள்ல கலிபோர்னியாவுல ஜெராக்ஸ் பார்க்குன்னு ஒரு ஆராய்ச்சிக்கூடம். ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பெர்க்னு கெட்டிக்கார ஆளுக. ஸ்மால்டாக்குன்னு ஒரு மொழி பண்ணினாங்க. அதுல மொழி வேற, பட்டறை வேறங்கறதே இல்லை. ரெண்டும் ஒரே உசிரு. நிரல் ஓடிட்டே இருக்கும், நீ உள்ள கையை உட்டு ஒரு பொருளைப் புடிச்சு "நீ யாரு, உனக்கு என்னென்ன தெரியும்?"னு கேக்கலாம், அது பதில் சொல்லும். நிரலைச் சீர்படுத்தித் தர்ற கருவி மொதமொதல்ல ஒழுங்கா வந்ததும் ஸ்மால்டாக்குக்குத்தான், ஜாவாவுக்கில்லை. அந்த வாசனை இன்னைக்கும் ஜுபிட்டர் நோட்டுல அடிக்கும். 2001ல ஃபெர்னாண்டோ பெரேஸ் ஐபைத்தான்னு ஆரம்பிச்சாரு, 2014ல அது ஜுபிட்டராப் பிரிஞ்சுச்சு. ஓடிட்டிருக்கற பொருளைக் கேட்டுத்தான் அதுவும் மீதி வார்த்தையை எடுத்துக் குடுக்குது.

இதுல ஒரு கூத்துக் கேளு. எக்ளிப்ஸுக்கு முன்னால ஐபிஎம்காரன் வித்த ஜாவாப் பட்டறைக்கு விஷுவல் ஏஜ்னு பேரு. அதையே ஸ்மால்டாக்குலதான் கட்டியிருந்தான். சீட்டில்லாத மொழியில நெய்ஞ்ச பட்டறையிலதான் சீட்டு மொழிக்காரன் உக்காந்து ஜாவா எழுதுனான். பத்து வருசம் கழிச்சு ரூபிக்காரனும் டிசிஎல்காரனும் ஜாவாக்காரன் வாசல்ல போயி "எங்களுக்கும் ஒரு சட்டம் குடுங்க"ன்னு நின்னாங்க. சொந்தத் தோட்டத்துத் தண்ணியை அடுத்தவன் பம்புல வெலைக்கு வாங்கறதுன்னு இதைத்தான் சொல்றது.

கூத்து முடியல. எக்ளிப்ஸுல ஜாவாப் பட்டறையை முன்னால நின்னு செஞ்ச மேஸ்திரி எரிக் காமான்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரரு. 1994ல கூட்டாளிக மூணு பேரோட சேந்து டிசைன் பேட்டர்ன்ஸுன்னு பொஸ்தகம் போட்டவரு. நீ அலமாரில வெச்சிருக்கறயே, தூசி தட்டாம, அதேதான். அந்த மனுசன் 2011ல மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனாரு. போயி, 2015ல வந்த விஎஸ் கோடுங்கற எடிட்டருக்கும் அவரேதான் மேஸ்திரி. எக்ளிப்ஸு தெறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம்னு நீயே சொல்லுவயே. அந்தப் பாரமெல்லாம் பட்டுப் பாத்துட்டு, எடிட்டரை லேசா வெச்சுக்கிட்டு மூளையை வெளிய உக்காத்தி வெச்சுட்டாரு. தன்ற கையால செஞ்ச பெரிய தறியை உட்டுட்டு நகர ஒரு மேஸ்திரிக்கு நெஞ்சழுத்தம் வேணும். உனக்கு அது தேவையில்லை. நீ இன்னும் மொதத் தறியே செய்யலயே.

மூளையை வெளிய வெச்ச கதைதான் உனக்கு ஆகாத கதை. 2016 ஜூன்ல மைக்ரோசாஃப்ட்டு, ரெட் ஹேட்டு, கோட்என்வி மூணு பேரும் சேந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டகால்னு அறிவிச்சாங்க, எல்எஸ்பி. அட்டையைத் தறிக்குள்ள மாட்டற சோலியே வேண்டாம். அட்டைக்காரன் வெளிய ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவான். எந்தத் தறிக்காரன் வேணும்னாலும் கேக்கலாம்: "இந்தக் கோப்பு, இத்தனாவது வரி, இத்தனாவது எடம், இங்க என்ன வரலாம்?" "இந்தப் பேரை எங்க பொறப்பிச்சாங்க?" "இதுக்கு என்ன அர்த்தம்?" அவன் பதில் சொல்லுவான். கேள்வியும் பதிலும் ஜேசான்ல போகும். நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாக்கறதுக்கு டீபக் அடாப்டர் புரோட்டகால்னு தனியா ஒண்ணு. கணக்குப் போட்டுப் பாரு. மொழி 10, எடிட்டரு 6ன்னு வெச்சுக்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாச் செஞ்சா 60 வேலை. பேச்சுமுறை ஒண்ணுன்னு வெச்சா 10க்கு 6 கூட்டி 16. இது எழுத்துக் கூட்டல் இல்லை, நெசமான கூட்டல். டிஎல்டிகே தறிக்குள்ள செஞ்சதை இவிய தறிக்கு வெளிய செஞ்சுட்டாங்க. ஏஐ வெச்சு நிரல் எழுதித் தர்றோம்னு கெளம்புன கர்சர்காரங்க கூடப் புதுச்சட்டம் செய்யல. விஎஸ் கோடையே நகலெடுத்து அது மேல உக்காந்துக்கிட்டாங்க. வெவரமில்லாத பசங்க. உன்ற மாதிரி அடியில இருந்து கட்டத் தெரியல.

நீ இதுக்கு ஒரு மறுப்பு வெச்சிருக்கறே, தெரியும். திண்ணையில கத்திக் கத்திச் சொன்னயே. "எல்லா மொழிக்கும் பொதுவான கேள்வியைத்தான் எல்எஸ்பியில கேக்க முடியும், ஒரு மொழிக்குன்னு இருக்கற விசேசம் அதுல போகாது"ன்னு. நியாயம்தான் சாமி. ஸ்மால்டாக்குல உசிரோட இருக்கற பொருளைத் தொட்டுக் கேக்கறது இந்த வழியில வராது. வரி இத்தனை, எடம் இத்தனைன்னு கேக்கறவனுக்குப் படுத்திருக்கற நூலு மட்டும்தான் தெரியும். அந்த வகையில நீ சொல்றதுல விசயம் இருக்குது. ஆனா அந்த விசேசத்தைக் கேக்கறதுக்கு உன்ற சட்டத்துல ஒரு மொழியாச்சும் முழுசா ஏறியிருக்கோணுமல்ல? ஒரு மொழிக்குக் கூட மூளை எழுதல, அதுக்குள்ள 10 மொழிக்குச் சட்டம். நாலு கெஜம் துணி நெய்ஞ்சு காட்டாத மேஸ்திரிகிட்ட நான் தறி வாங்குனதில்லை. அது பழைய காலத்து வழக்கம், போச்சாது உடு.

செரி, ஒரு மொழியைத்தான் எடுக்கறதுன்னா எதை எடுக்கறது? பைத்தானை எடுக்காதே. அங்க ஏற்கெனவே கூட்டம் முட்டுது. எழிலை எடுக்கவே எடுக்காதே. அதுல காசு வராது, அமெரிக்காவுல மேடை போட்டுப் பேசக் கூப்பிட மாட்டாங்க, கல்யாணத்துல எவனும் கேட்டுக்கமாட்டான். அமெரிக்காவுல இருக்கற முத்து அண்ணாமலைங்கற பொறியாளர் 2007ல ஆரம்பிச்சு, 2009ல கட்டுரை எழுதி, 2013ல மூலநிரலை ஊருக்குத் தெறந்து உட்ட மொழி. பைத்தான் மேலயே நிக்குது, சீட்டில்லாத சாதிதான். எழுதின்னு அதுக்கு ஒரு எழுதற சன்னலும் செஞ்சு வெச்சாங்க. தங்கச்சி அதுல எழுதுனதைப் பாரு:

@( மூட்டை > 10 ) ஆனால்
   பதிப்பி "வண்டி புடி"
இல்லை
   பதிப்பி "தலையில வெச்சுட்டு வா"
முடி

படிச்சயா? "மூட்டை 10க்கு மேல ஆனா." நாம பேசற வரிசையிலயே இருக்குது. நிபந்தனை முன்னால, "ஆனால்" பின்னால. இங்கிலீசு வழி மொழிகள்ல "இஃப்"புன்னு மொதல்லயே தெரிஞ்சு போகும். பட்டறைக்காரன் உடனே அடைப்பு, வளைவு எல்லாம் போட்டு அச்சாக் குடுத்துருவான். இங்க @ போட்டு அடைப்பைத் தெறந்தா, அது கேள்வியாகுமா, சுத்துச் சுத்துன்னு சுத்தற "வரை"யாகுமான்னு அடைப்பை மூடி அடுத்த வார்த்தையை அடிக்கற வரைக்கும் எவனுக்கும் தெரியாது. ஊரெல்லாம் பொதுன்னு நீ செய்யற சட்டம் "மொதல் வார்த்தையைப் பாத்து முடிவு பண்ணு"ன்னு எங்காச்சும் எழுதி வெச்சிருக்கும். அது இந்த அஞ்சு வரியில நாக்கைத் தள்ளிரும். பொதுன்னு நெனைக்கறது முக்கால்வாசி அடுத்தவன் வழக்கம் கண்ணு. இதே நிரல்ல கீழ எங்காச்சும் "மூட்டை"யை "மூடை"ன்னு அடிச்சு அதுல ஒரு எண்ணைப் போட்டுட்டான்னு வெய்யி. மொழி ஒண்ணும் சொல்லாது, புதுசா ஒரு பேரு பொறந்துச்சுன்னு வரவு வெச்சுட்டுப் போயிரும். ஒரு பேருக்கு ஒருக்கா மட்டும் மதிப்புப் போட்டு, பொறவு எங்கயும் எடுத்துப் பொழங்காம இருந்தா, அதுக்கு அடியில ஒரு மஞ்சக்கோடு போடு. சின்ன வேலைதான். அது ஒண்ணைச் செஞ்சாலே பள்ளிக்கூடத்துப் புள்ளைக பாதி நேரம் அழுகறது மிச்சம்.

அந்தக் கோட்டைப் போடறதுலயும் ஒரு கண்ணி இருக்குது. "எத்தனாவது எடம்"னு எல்எஸ்பி கேக்குதல்ல, அது நம்ம கண்ணுல தெரியற எழுத்தை எண்ணறதில்லை. விஎஸ் கோடு ஜாவாஸ்கிரிப்ட்டு வழி வந்தது, அதனால யுடிஎஃப்-16 கணக்கு. "பதிப்பி"யை எடுத்துக்க. உனக்கும் எனக்கும் ப, தி, ப், பி, நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்குக் கொக்கியும் புள்ளியும் தனித்தனி. ப ஒண்ணு, தி ரெண்டு, ப் ரெண்டு, பி ரெண்டு, ஆக 7. பைத்தானும் 7னு எண்ணும், எல்எஸ்பியும் 7னு எண்ணும். நீ தமிழ்ப்பற்றுல ஓப்பன் தமிழ் நூலகத்தை எடுத்து அழகா எழுத்துப் பிரிச்சு 4னு பதில் சொன்னயின்னா, கோடு பாதி வார்த்தையில மூச்சு வாங்கி நின்னுரும். இல்ல, ரஸ்ட்டுல எழுதுனாத்தான் கௌரவம்னு பைட்டை எண்ணுனயின்னா 21 வரும். தமிழ்ல ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8ல 3 பைட்டு. கோடு "பதிப்பி"யைத் தாண்டி, வண்டியையும் தாண்டி, தலையில வெச்சுட்டுப் போயிரும். 2022ல வந்த எல்எஸ்பி 3.17ஆம் பதிப்புல, எந்தக் கணக்குல எண்ணறதுன்னு ரெண்டு பேரும் முன்னாலயே பேசிக்கலாம்னு வழி உட்டிருக்கறாங்க. பேசாட்டி 16தான். வரியையும் எடத்தையும் சுழியத்துல இருந்து எண்ணோணுங்கறதை உனக்கு நான் சொல்லவா வேணும்?

குடோன் உனக்குத்தான், பூட்டுச் சாவி ஆணியில தொங்குது. கரண்டு பில்லு உன்ற கணக்கு. ஊருக்கெல்லாம் ஒரே தறி நீ தாராளமாச் செய்யி, நான் தடுக்கல. தை முடிஞ்சு மாசி வரட்டும், வீரக்குமாரசாமி தேரு வர்றப்ப அறிவிப்புப் பலகையே வெச்சுக்கலாம். அதுக்கு முன்னால சும்மா கை பழகறதுக்குன்னு, எழிலுக்கு ஒரு சின்ன சர்வரு எழுதிப் பாரேன். மொதல்ல வேற எவனாச்சும் எழுதி வெச்சிருக்கறானான்னு தேடிப் பாரு. இருந்தா அவங்கூடச் சேந்துக்க, வெக்கப்படாதே. விஎஸ் கோடு, ஈமாக்ஸு, எதுல வேணும்னாலும் தானா நிக்கும். பேரை எடுத்துக் குடுக்கறது, எங்க பொறந்துச்சுன்னு காட்டறது, அந்த மஞ்சக்கோடு. மூணே வேலை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, தங்கச்சி வருவா. "ஸ்ரீ"ன்னு ஒரு மாறிக்குப் பேரு வெச்சுக் கையில தயாரா வெச்சிருக்கறா. கண்ணுக்கு ஒரே எழுத்து, உள்ள நாலு குறி, பைட்டுக் கணக்குல 12. உன்ற கோடு அதுக்கு அடியிலயே நிக்குதா, அக்கட்டால ஓடுதான்னு பாக்கோணுமாம். ஓடுச்சுன்னா ஊரெல்லாம் சொல்லிப்போடுவா. உங்க அம்முச்சி வாயி அவளுக்கு.